ஆளுக்கு எழுநூற்று நாற்பத்து நான்கு சதுர அடி

வீட்டை அளந்து முடிக்க சர்வேயருக்கு மூன்று நாள் ஆனது. வேலையில் இருந்தபோது இதைப்போல நூறு மடங்கு நிலத்தை அரை நாளில் முடித்துவிட்டு வெயில் ஏறுவதற்குள் ஆபீஸுக்குத் திரும்பியவர். இப்போது இதயக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் இருந்தது. குனிந்தால் மூச்சு வாங்கியது. தவிர, இது சொந்த வீடு. தப்பு வந்தால் மேலதிகாரியைக் காட்டிக் கையை விரிக்க முடியாது.

டேப்பின் மறுமுனையை அவர் மனைவி பிடித்துக்கொண்டாள். பூஜ்யம் இருக்கும் முனை.

"மூலையோட ஒட்டிப் பிடி. சுவத்தைப் பிடிம்மா, காலண்டரைப் பிடிக்காதே."

"பிடிச்சிருக்கேன், படிங்க."

"அசையாதே."

"நானா அசையறேன்? உங்க கைதான் ஆடுது."

அவர் எண்ணைப் படித்து, காதில் செருகிய பென்சிலை எடுத்து, நீளமான ஃபீல்டு புத்தகத்தில் எழுதிக்கொண்டார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருஷம் ஆபரேட்டராக இருந்தவள் அவள். ஊரே பேசியதைக் கேட்டாகிவிட்டது, இனி நான் பேச என்ன இருக்கிறது என்பாள். அதனால் மூன்று நாளும் அதிகம் பேசாமல், அவர் சொன்ன மூலைகளில் எல்லாம் உட்கார்ந்து எழுந்தாள். கடைசி நாள் மாலை முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டாள்.

அளப்பதற்குக் காரணம் இருந்தது. நாற்பது வருஷ சர்வீஸில் அவர் பார்த்ததெல்லாம் சண்டை. ஒரு சாண் அகல வரப்புக்காக மண்டையை உடைத்துக்கொண்ட இரண்டு சகோதரர்கள் ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்ததைப் பார்த்திருக்கிறார். அங்கேயும் நடுவில் இருந்த ஸ்டூல் யாருக்கு என்று தகராறு. தன் பிள்ளைகளுக்கு அந்த நிலை வரக் கூடாது. ஸ்டென்ட் வைத்த டாக்டர், பாக்கி வைத்திருக்கிற காரியம் ஏதாவது இருந்தால் முடித்துக்கொள்ளுங்கள் என்று சாதாரணமாகத்தான் சொன்னார். சர்வேயருக்குப் பாக்கி இருந்த காரியம் ஒன்றுதான்: உயில். உயிலோடு இணைக்க ஒரு வரைபடம்.

ஞாயிற்றுக்கிழமை மகளையும் மகனையும் வரச் சொன்னார். மகள் மூத்தவள், பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். மகன் பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியன். சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்து நான்கு மூலையிலும் நான்கு டம்ளரை வைத்தார். சிவப்புப் பென்சில் நிறம் மகளுக்கு, பச்சை மகனுக்கு.

"மொத்தக் கட்டடம் ஆயிரத்து ஐநூத்தி எம்பத்தி நாலு. வாசல்லேர்ந்து பின்பக்கம் வரைக்கும் போற நடை தொண்ணூத்தாறு, அது பொது. மீதி சரிபாதி. ஆளுக்கு எழுநூத்தி நாப்பத்தி நாலு சதுர அடி. அரை அடி முன்னப்பின்ன இருந்தா என்னைக் கேளுங்க."

மகன் குனிந்து பார்த்தான். "ஏம்ப்பா, நேரா வந்த கோடு சமையலறைல வந்து பாம்பு மாதிரி நெளியுது?"

"உன் பக்கத்து பாத்ரூம் பெருசு. பதினோரு சதுர அடி உனக்கு ஜாஸ்தி வருது. அதைச் சமையலறைல கழிச்சிருக்கேன்."

மகள் கோட்டின் மேல் நகத்தை வைத்து ஓட்டினாள். "அப்போ அடுப்பு என் பக்கம், பாத்திரம் கழுவற தொட்டி இவன் பக்கமா?"

"ஆமா."

"பிரமாதம்ப்பா. நான் சமைக்கணும், இவன் கழுவணும். பதினஞ்சு வருஷமா என் வீட்டுக்காரர்கிட்ட வாங்க முடியாததை நீங்க தம்பிகிட்ட எழுதியே வாங்கிக் குடுத்துட்டீங்க."

"அக்கா, சமைக்கறதைப் பொறுத்துதான் கழுவறது. அடிப்பிடிச்ச பாத்திரம் வந்தா கோட்டுக்கு அந்தப் பக்கமே வெச்சிடுவேன்."

சர்வேயர்கூடச் சிரித்தார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பாகம் வாங்குவதை அவர் எங்கேயும் பார்த்ததில்லை. நெஞ்சில் இருந்த கல் இறங்கியதுபோல் இருந்தது.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தாள். வாசலில் தொடங்கி, நடை வழியாக விரல் போயிற்று. முன்னறை, இரண்டு படுக்கையறை, சமையலறை, துணி துவைக்கும் இடம். திரும்பவும் வாசலுக்கு வந்தது.

"இதுல நான் எங்க இருக்கேன்?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. இந்த பஸ் எங்கே போகும் என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். சர்வேயர் படத்தின் மேல் குனிந்து நிஜமாகவே தேடினார். சிவப்பில் பார்த்தார், பச்சையில் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார்.

ஃபீல்டு புத்தகத்தில் எல்லாம் எழுதுவார்கள். எல்லைக்கல், கிணறு, மரம், மின்கம்பம், வேலி மூலையில் நிற்கும் இடிந்த சுவர்கூட எழுதப்படும். டேப்பின் பூஜ்ய முனையைப் பிடித்தவன் மட்டும் அதில் வரமாட்டான். அவன் எங்கே நின்றானோ அங்கிருந்துதான் எல்லா எண்ணும் தொடங்குகிறது. அதனால் அவனுக்கென்று எண் கிடையாது. நாற்பது வருஷம் அப்படி எழுதிப் பழகிய கை, வீட்டிலும் அப்படியே எழுதிவிட்டிருந்தது.

"நீ இருப்பேன்னு எல்லாருக்கும் தெரியுமே," என்றார். "இதை எதுக்குத் தனியா எழுதணும்?"

"வீடு இருக்கறதும் எல்லாருக்கும் தெரியும். அதை எழுதியிருக்கீங்களே."

மகன் குறுக்கிட்டான். நல்லெண்ணத்தில்தான். "என்னம்மா இது, உனக்கு இல்லாத இடமா? ஆறு மாசம் அக்காகிட்ட, ஆறு மாசம் என்கிட்ட. ஒரே வீடுதானே, நடையைத் தாண்டினா போச்சு."

மகள் மேஜைக்கடியில் தம்பியின் காலை மிதித்தாள். அதற்குள் அம்மா எழுந்து தொட்டிப் பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

அவளுக்கு ஒரு அக்கா இருந்தாள். மூன்று பிள்ளைகள், மூன்று ஊர். கணவர் போன பிறகு வருஷத்தைப் பன்னிரண்டாக வெட்டி, ஆளுக்கு நான்கு மாதம் என்று முடிவானது. யாரும் கெட்டவர்கள் இல்லை. வேளாவேளைக்குச் சோறும் மாத்திரையும் வந்தன. 'இந்த மாசம் கேம்ப் எங்க?' என்று சொந்தக்காரர்கள் கிண்டல் செய்வார்கள், அக்காவும் சேர்ந்து சிரிப்பாள். போன வருஷம் இங்கே பத்து நாள் வந்து தங்கினாள். அலமாரியில் ஒரு தட்டையே காலி செய்து கொடுத்தும் துணியை எடுத்து வைக்கவில்லை. தேவைப்பட்டதைப் பெட்டியிலிருந்து உருவி, மடித்து, பெட்டிக்குள்ளேயே வைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். கேட்டதற்கு, "பழகிடுச்சுடி" என்றாள்.

அடுத்த நாலு நாள் சர்வேயர் மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை. தப்பைத் திருத்துவது அவர் தொழில். சிவப்பிலிருந்து அறுபது, பச்சையிலிருந்து அறுபது சதுர அடி எடுத்து நடுவில் நீல நிறத்தில் ஒரு அறை போட்டுக் காட்டினார்.

"பத்துக்குப் பன்னெண்டு. ஜன்னல் கிழக்கே. உனக்குன்னே."

"சமைக்க?"

"பிள்ளைங்க குடுப்பாங்க."

"குளிக்க?"

அவர் ரப்பரை எடுத்தார். மறுநாள் அறையோடு பாத்ரூமும் சேர்ந்தது. அதற்கடுத்த நாள் சுவரோரமாக ஒரு சின்ன அடுப்பு மேடையும் வந்தது. ரப்பர் தேய்ந்து, தாள் அந்த இடத்தில் மெலிந்து ஓட்டை விழுந்துவிட்டது.

"உனக்கு என்னதான் வேணும், சொல்லித் தொலை."

"வீடு."

"முழுசா?"

"முழுசா. நீங்க முன்னாடி போனா எனக்கு. நான் முன்னாடி போனா உங்களுக்கு. ரெண்டு பேரும் போனப்புறம் கோடு போட்டுக்கட்டும், வட்டம் போட்டுக்கட்டும்."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். தாளில் விழுந்த ஓட்டையை விரலால் தடவினார். பேசியபோது குரல் தணிந்திருந்தது.

"உன் பேருக்கு எழுத எனக்கு மனசில்லாம இல்ல. பயம்தான். உன்கிட்ட யாராவது கேட்டா இல்லைன்னு சொல்ல வராது உனக்கு. உங்கப்பா வீட்டுப் பங்கை உன் தம்பிக்கு எழுதிக் குடுத்தியே, எங்க வெச்சுக் கையெழுத்துப் போட்டே?"

அவள் மேஜையில் உதிர்ந்திருந்த ரப்பர் தூளை உள்ளங்கையால் கூட்டினாள். அவரே சொன்னார்:

"ஸ்கூட்டர் சீட்டு மேல. படிச்சியான்னு கேட்டேன். தம்பி நீட்டினான், போட்டேன்னே. நாளைக்கு நான் இல்லாதப்போ இவன் வந்து கஷ்டம்மான்னு நிப்பான். நீ போட்டுடுவே. அப்புறம் அவ வந்து எனக்கில்லையான்னு நிப்பா. நான் எதுக்குப் பயந்து இதையெல்லாம் அளந்தேனோ அது நடக்கும். நடுவுல நீ பெட்டியோட நிப்பே."

அதில் பொய் இல்லை. அதனால்தான் அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தைக் காட்ட இடமில்லாமலும் போயிற்று. எழுந்து போய், காய்ந்த துணிகளை எடுத்து வந்து மடித்தாள்.

அடுத்த வாரம் புதன்கிழமை மதியம் ஷிப்ட் முடிந்து மகன் வந்தான், தனியாக. சர்வேயர் உள்ளறையில் படுத்திருந்தார், கதவு ஒருக்களித்திருந்தது. சாப்பாட்டு டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அம்மா, ஒரு விஷயம். எங்க வீட்டு ஓனர் காலி பண்ணச் சொல்றார். அவர் மகன் வெளியூர்லேர்ந்து வர்றானாம்."

"எப்போ?"

"மூணு மாசம் டைம். நான் என்ன நினைச்சேன்னா, அப்பாதான் கோடு போட்டுட்டாரே, என் பாதியை இப்பவே என் பேருக்கு மாத்திக் குடுத்துட்டா நான் பேங்க்ல லோன் போட்டு தனி வாசல் வெச்சு வந்துடுவேன். உன் பேரு, உன் ரூமு, அதெல்லாம் பிறகு பேசிக்கலாம். நீ சொன்னா அப்பா கேப்பார்."

அவன் முகம் களைத்திருந்தது. கைவிரல்களில் டிப்போவின் கறுப்பு கிரீஸ் கறை, சோப்புக்குப் போகாதது. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் இதே மாதிரிதான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொள்வான். இப்போதும் பிடித்திருந்தான்.

உள்ளே சர்வேயர் கண்ணைத் திறந்தார்.

"இங்க வந்து இருங்கடா," என்றாள் அவள். "நீயும் மருமகளும் குழந்தையும். முன்னறையை எடுத்துக்கோங்க. எத்தனை மாசம் வேணுமோ இருங்க."

"அது இருக்கட்டும்மா. பேர் மாத்தறது?"

"அது இல்ல."

"என்ன இல்ல?"

"மாத்த மாட்டோம். நான் அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்."

அவன் சிரித்தான். விளையாட்டு என்று நினைத்தான். "என்னம்மா, அக்கா ஏதாவது ஏத்திவிட்டாளா?"

"அவளுக்குத் தெரியாது. அவ வந்து கேட்டாலும் இதேதான்."

"நான் உன் பையன்ம்மா. வேத்து ஆள்கிட்ட பேசற மாதிரி பேசறே."

"பையன்ங்கறதாலதான் உக்காந்து பேசறேன். இல்லடா கண்ணா."

மகன் முழங்கையை விட்டான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். சாப்பிட்டுவிட்டுப் போ என்று அவள் சொன்னது காதில் விழுந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

அவள் போனை எடுத்து அவன் எண்ணை அழுத்தினாள். மணி அடிப்பதற்குள் வைத்தாள். இன்னொரு தரம் எடுத்தாள், வைத்தாள். மூன்றாவது தரம் எடுத்தபோது சர்வேயர் கதவருகே நின்றிருந்தார்.

"பண்ணப் போறியா?"

"பண்ணணும்."

"என்னன்னு?"

"டப்பாவை விட்டுட்டுப் போயிட்டான். நாளைக்கு எதுல எடுத்துட்டுப் போவான்?"

அழுதுகொண்டே சொன்னாள். அவருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. டப்பாவை எடுத்துத் தொட்டியில் வைத்துத் தேய்க்கத் தொடங்கினார். அவர் பாத்திரம் கழுவி அவள் பார்த்தது கிடையாது. மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றித் தனியாகக் கழுவ வேண்டும் என்பதுகூடத் தெரியவில்லை. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து கழற்றிக் கொடுத்தாள்.

மகன் அன்று சாயங்காலமே டப்பாவை எடுக்க வந்தான். வாசலிலேயே நின்றான். "அடுத்த மாசம் முன்னறைக்கு வர்றோம்," என்றான் தரையைப் பார்த்து. "அவளுக்குப் பீரோ வைக்க இடம் வேணுமாம்."

"வைக்கலாம்."

"கோபம்தாம்மா எனக்கு."

"இருக்கட்டும். பீரோவோட கொண்டு வா."

வக்கீலம்மாவின் ஆபீஸ் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது. செங்குத்தான படி, சர்வேயர் பாதியில் நின்று மூச்சு வாங்கினார். உள்ளே இரண்டு மேஜை, ஒரு பிரிண்டர், கட்டுக்கட்டாகக் கோப்பு. வக்கீலம்மா ஐம்பது வயதுக்காரர். எதையும் இரண்டு தரம் கேட்டுத்தான் எழுதுவார்.

"ரெண்டு விதமா எழுதலாம் சார். ஒண்ணு, அம்மா இருக்கிற வரைக்கும் இந்த வீட்ல இருக்கலாம், ஆனா விக்கவோ குடுக்கவோ முடியாது. யார் கேட்டுக் கையெழுத்து வாங்கினாலும் செல்லாது. அவங்களுக்கு அப்புறம் பிள்ளைங்களுக்கு நீங்க சொல்ற மாதிரி போகும். இன்னொண்ணு, வீடு முழுசா அம்மாவுக்கே. அவங்க இஷ்டம். நிறைய பேர் முதல் வழியைத்தான் கேப்பாங்க. பயம்தான் காரணம்."

மனைவி மடியில் இருந்த பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வழிதான் வரும் என்று அவளுக்குத் தெரியும். அதுவும் மோசமில்லை என்று படியேறும்போதே மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கடியில் பெட்டி வைக்க வேண்டியதில்லை. அவ்வளவு போதும்.

"ரெண்டாவது," என்றார் சர்வேயர்.

வக்கீலம்மா நிமிர்ந்தார். "முழுசா அவங்க பேருக்கா? நிபந்தனை எதுவும் இல்லாமலா?"

"ஆமா."

"அவங்களுக்கு அப்புறம்?"

"அதை அவதான் எழுதணும். என்னைக் கேட்டா எப்படி?"

"பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டீங்களா? பின்னாடி ஆச்சரியம் வரக் கூடாது சார். ஆச்சரியத்துலதான் கேஸ் வருது."

"பையன்கிட்ட காலைல சொன்னேன். ம்னு சொன்னான், போனை வெச்சிட்டான். பொண்ணு, சரிதான்ப்பா, அடுப்புலேர்ந்து தப்பிச்சேன்னு சொன்னா."

மனைவி தலையைத் திருப்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. உருட்டிக் கொண்டு வந்திருந்த வரைபடத்தை வக்கீலம்மா கை நீட்டிக் கேட்டபோது, "அது வேண்டாம், சும்மா பழைய தாள்," என்று நாற்காலிக்கடியில் தள்ளினார்.

ஒரு வாரம் கழித்துக் கையெழுத்துக்குப் போனார்கள். சாட்சிக்கு, கீழே இருக்கும் மருந்துக்கடைக்காரரும், சர்வேயரோடு ஓய்வு பெற்ற டிராஃப்ட்ஸ்மேனும் வந்திருந்தார்கள். டிராஃப்ட்ஸ்மேன் உட்கார்ந்ததும், "என்னப்பா, உயிரோட இருக்கறப்பவே சாட்சி கேக்கறே?" என்றார். "செத்தப்புறம் கேட்டா நீ வரமாட்டியே," என்றார் சர்வேயர்.

மனைவி வழக்கம்போல் கணவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வங்கி, ஆஸ்பத்திரி, வரி ஆபீஸ், எங்கே போனாலும் அவர் கையெழுத்துப் போடுகிற இடத்தில் தாளின் ஓரத்தை அழுத்திப் பிடிப்பது அவள்தான்.

"அம்மா," என்றார் வக்கீலம்மா, "நீங்க கொஞ்சம் வெளிய இருக்கணும்."

"நானா?"

"உங்க பேருக்குத்தானே வருது. வாங்கிக்கிறவங்க பக்கத்துல உக்காந்திருக்கப்போ கையெழுத்துப் போட்டார்னு இருக்கக் கூடாது. நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது பாருங்க. அஞ்சு நிமிஷம்தான்."

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவு வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தாள். சர்வேயர் சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அது நெற்றிமேல் இருந்தது. சொல்லலாமா என்று யோசித்தாள். சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வெளி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

படிக்கட்டில் மருந்து வாசனை வந்தது. கீழே யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு காரியத்திலிருந்து வெளியே போ என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. வெளியே அனுப்புமளவுக்கு எந்தக் காரியத்திலும் அவள் பெயர் இருந்ததில்லை. பெஞ்சின் நடுவில், பையைப் பக்கத்தில் வைத்து, காலைக் கொஞ்சம் நீட்டி உட்கார்ந்தாள்.

கதவு மெல்லிசுப் பலகை. உள்ளே வக்கீலம்மா ஒவ்வொரு வரியாகப் படித்துச் சரிபார்ப்பது கேட்டது. கதவு எண், தெரு, நான்கு எல்லை. சர்வேயர் ஒவ்வொன்றுக்கும் "சரி" என்றார். கிழக்கு எல்லையில் ஒரு எழுத்தைத் திருத்தினார். பிறகு அவள் பெயர் வந்தது, முழுப் பெயர், அவள் அப்பா பெயரோடு.

"வயசு இங்க விட்டிருக்கேன். மனைவிக்கு எவ்வளவு சார்?"

சர்வேயர் சற்று யோசித்தார். "அறுபத்தி ஒண்ணு," என்றார், சந்தேகமே இல்லாத குரலில்.

"அறுபத்தி நாலு!" என்று அவள் வெளியிலிருந்து சத்தம் போட்டாள்.

உள்ளே டிராஃப்ட்ஸ்மேன் சிரிப்பது கேட்டது.

"அம்மா, நீங்க பேசக் கூடாதுன்னுதானே வெளிய அனுப்பினேன்!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே பேனா தாளில் உரசும் சத்தம் கேட்டது. திருத்துகிறார்கள் போலிருக்கிறது.